விண்மீன்களைப் படம் பிடிப்போம்



கன்னியாகுமரி மாவட்டத்தில் இரணியல் என்று ஓர் ஊர் உண்டு. வேணாட்டு மன்னர்களின் பழைய அரண்மனையாலும் கைத்தறி நெசவாலும் பெயர் பெற்ற ஊர் அது. அதற்குக் கிழக்கே நாகர்கோவில். தெற்கே முட்டம் கடற்கரை. தென்மேற்கே குளச்சல் துறைமுகம். வடபால் வேளிமலைத் தொடர். இரணியலைப் பற்றிப் பேசுவோர் இவற்றையெல்லாம் சொல்லுவார்கள். ஆனால், அவ்வூருக்கு உரிய மற்றொரு செல்வத்தைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. அச்செல்வம் அதன் தலைக்கு மேலே விரிந்து கிடக்கும் இரவு வானம்.

இரவு வானம் எல்லா ஊருக்கும் பொதுவன்றோ என்று நீங்கள் கேட்கலாம். பொதுதான், ஆயினும் எல்லா ஊருக்கும் ஒரே அளவில் பொதுவன்று. லண்டன் மாநகரில் வாழும் மாணவன் தன் வாழ்நாள் முழுவதும் அண்ணாந்து பார்த்தாலும், தென் வானத்தின் அணிகலனாகிய திரிசங்கைத் தன் ஊரிலிருந்து காண முடியாது. சிட்னி நகரத்து மாணவன் வடக்கே நிற்கும் துருவ மீனைக் காண முடியாது. இரணியலோ பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறக்குறைய 8 பாகை தொலைவில் இருக்கின்றது. ஆதலால் அவ்வூர் மாணவனுக்குத் துருவ மீனும் உண்டு, திரிசங்கும் உண்டு. வானத்தின் வட கோடியையும் தென் கோடியையும் ஒரே தோட்டத்தில் நின்று பார்க்கும் பேறு உலகத்தில் எல்லோருக்கும் வாய்ப்பதன்று.

இத்தகைய வானத்தைக் கண்ணால் காண்பதோடு நில்லாமல் படமாகப் பதிந்து வைக்கவும் இயலுமா? அதற்குப் பெருந்தொலைநோக்கி வேண்டுமா? வேண்டுவதில்லை. கலியாண வீட்டிலும் சுற்றுலாவிலும் படம் எடுக்கின்ற சாதாரணக் காமிரா ஒன்றும், அதை அசையாமல் தாங்கி நிற்கும் முக்காலி ஒன்றும் இருந்தால் போதும். அவ்விரண்டையும் கொண்டு தொடங்குவது எப்படி என்பதையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகின்றேன்.

முதலில், இக்கலை வளர்ந்த வரலாற்றைச் சுருக்கமாகப் பார்ப்போம். சூரியனை விடுத்து மற்றொரு விண்மீன் முதன்முதலாகப் படம் பிடிக்கப்பட்டது 1850-ஆம் ஆண்டில். அமெரிக்காவிலுள்ள ஹார்வர்டு வானாய்வகத்தில், நம்மவர் அபிஜித் என்று வழங்கும் வேகா என்ற மீனை, 15 அங்குலத் தொலைநோக்கியின் துணையால் படமாக்கினார்கள். வானத்தில் மிகுந்த ஒளியுடைய மீன்களில் ஒன்று அது. அவ்வாறு இருந்தும், வெள்ளி முலாம் பூசிய தகட்டின்மீது அதன் ஒளி பதிவதற்கு ஏறக்குறைய 100 நொடிகள் வேண்டியிருந்தன.

பின்னர் 1882-இல் பெரிய வால்மீன் ஒன்று தோன்றியது. அப்போது தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனை வானாய்வகத்துக்குத் தலைவராக இருந்தவர் டேவிட் கில் என்பவர். அவர் அப்பகுதியிலிருந்த புகைப்படக்காரர் ஒருவரின் உதவியைப் பெற்றார். மனிதர்களின் உருவத்தை எடுப்பதற்காகச் செய்யப்பட்ட காமிராவைத் தொலைநோக்கியின்மீது பிணைத்து, வானம் சுழல்வதற்கு ஏற்ப அதனையும் திருப்பிக்கொண்டே வால்மீனைப் படம் எடுத்தார். தகட்டைக் கழுவிப் பார்த்தபோது வால்மீன் அழகாகப் பதிந்திருந்தது. அதைச் சுற்றி எண்ணற்ற விண்மீன்களும் பதிந்திருந்தன. கண்ணால் ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதி வந்த விண்மீன் பட்டியலைக் காமிராவின் மூலமாகவே தயாரித்துவிடலாமே என்ற எண்ணம் அப்போது வலுப்பெற்றது. 1887-இல் பாரிஸ் நகரில் பல நாட்டு அறிஞர்கள் கூடி, வானம் முழுவதையும் பங்கிட்டுப் படம் எடுப்பது என்று முடிவு செய்தார்கள். அம்மாபெரும் பணியில் பிற்பாடு நம் நாட்டு ஐதராபாத்தின் நிஜாமியா வானாய்வகமும் ஒரு பங்கை ஏற்று நிறைவேற்றியது.

தமிழ்நாட்டு மாணவர்கள் மறக்கலாகாத பெயர் ஒன்றும் இவ்வரலாற்றில் உண்டு. 1927-இல் சென்னையில் பிறந்த வைணு பாப்பு, ஹார்வர்டில் ஆராய்ச்சி மாணவராக இருந்த காலத்தில், 1949-இல், தாம் எடுத்த வானப்படத் தகட்டில் புதிய வால்மீன் ஒன்றைக் கண்டார். அவருடைய பெயரோடு அவருடன் இருந்த போக், நியூகர்க் என்னும் இருவருடைய பெயர்களும் சேர்த்து அதற்குச் சூட்டப்பட்டன. ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகத்தை உருவாக்கியவர் இவரே. 1986 முதல் அவ்வாய்வகமும், அங்குள்ள 2.3 மீட்டர் தொலைநோக்கியும் அவர் பெயரால் வழங்குகின்றன.

இரணியல் சேர்ந்திருந்த பழைய திருவிதாங்கூர் நாட்டிலும் வானநூலுக்கு இடம் இருந்தது. சுவாதித் திருநாள் மகாராஜா 1837-இல் திருவனந்தபுரத்தில் வானாய்வகம் ஒன்றை நிறுவினார். 1850-களில் அதன் தலைவராக இருந்த ஜான் ஆலன் பிரவுன், அகத்திய மலையின் உச்சியிலும் ஆய்வகம் அமைத்துக் காந்த அளவைகளையும் வானிலை அளவைகளையும் எடுக்கச் செய்தார். ஆகவே, வானத்தை அளந்தறியும் பழக்கம் இம்மண்ணுக்குப் புதியதன்று.

இனி, செய்முறைக்கு வருவோம். கண் காணாததைக் காமிரா எவ்வாறு காண்கின்றது என்பதை முதலில் தெளிவாக உணர்ந்துகொள்ள வேண்டும். இருளில் நம் கண்ணின் பாவை அகன்று ஏறக்குறைய 7 மில்லிமீட்டர் விட்டம் பெறுகின்றது. பலரிடம் உள்ள காமிராவின் வில்லை 18 மில்லிமீட்டர் குவியத் தூரம் உடையது. அதன் துளை எண் 3.5. குவியத் தூரத்தைத் துளை எண்ணால் வகுத்தால் துளையின் விட்டம் கிடைக்கும். 18-ஐ 3.5-ஆல் வகுத்தால் 5 மில்லிமீட்டர் அளவே வருகின்றது. எனவே, காமிராவின் வாயில் நம் கண்ணின் வாயிலைவிடச் சிறியது! அவ்வாறாயின் அது நம்மைவிட மிகுதியாகக் காண்பது எப்படி?

இங்கேதான் காலம் என்னும் பொருள் துணைக்கு வருகின்றது. கண் ஒரு நொடியின் சிறு பகுதிக்குள் வந்த ஒளியை மட்டுமே சேர்த்து மூளைக்கு அனுப்பிவிட்டு, மீண்டும் புதிதாகத் தொடங்குகின்றது. காமிராவோ நாம் திறந்து வைத்திருக்கும் நேரம் முழுவதும் வந்த ஒளியைச் சேமித்துக்கொண்டே இருக்கின்றது. சொட்டுச் சொட்டாக விழும் நீரை உள்ளங்கையில் ஏந்தினால் வழிந்து போகும்; குடத்தில் ஏந்தினால் குடம் நிறையும். மேலும், பழைய புகைப்படத் தகடுகள் தம்மேல் விழுந்த ஒளியில் நூற்றில் ஓரிரு பங்கையே பயன்படுத்தின. இன்றைய மின்னணுக் காமிராவின் உணரி அதில் ஏறக்குறைய பாதியைப் பயன்படுத்துகின்றது. ஆகவே, டேவிட் கில் அடைய முடியாத ஒரு வசதி இன்று நம் கையில் இருக்கின்றது.

தேவையான பொருள்களைச் சொல்லுகிறேன். துளையின் அளவு, திறந்திருக்கும் நேரம், ஒளியுணர்வு ஆகிய மூன்றையும் நாமே அமைக்க இடம் தரும் காமிரா வேண்டும். அதற்கு, உறுதியான முக்காலி வேண்டும். முக்காலி இலேசானதாக இருந்தால், நடுவே ஒரு பையைத் தொங்கவிட்டு அதற்குக் கனம் கூட்டலாம். தொடாமலே படம் எடுக்கத் தொலைப்பொத்தான் இருந்தால் நல்லது, இல்லையென்றால், பொத்தானை அழுத்தியபின் சில நொடிகள் கழித்துத் தானே இயங்கும் அமைப்பு எல்லாக் காமிராவிலும் உண்டு, அதைப் பயன்படுத்தலாம். முழு மின்சாரம் ஏற்றிய மின்கலம் ஒன்று, செந்நிறத் தாள் சுற்றிய கைவிளக்கு ஒன்று, மெல்லிய பருத்தித் துணி ஒன்று, குறிப்பேடும் பென்சிலும் - இவ்வளவே. இன்று வரும் கைபேசிகள் பலவற்றிலும் இரவு வானத்தை எடுக்கும் அமைப்பு இருக்கின்றது. அவற்றையும் முக்காலியில் பொருத்திப் பழகலாம்.

இடத்தையும் நாளையும் தேர்ந்தெடுப்பதில்தான் வெற்றியின் பாதி அடங்கியிருக்கின்றது. நிலவில்லாத இரவாக இருத்தல் வேண்டும். அமாவாசையும் அதற்கு முன்பின்னான நாலைந்து நாட்களும் ஏற்றவை. குமரி மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் உண்டு. எனவே, ஜூன் முதல் டிசம்பர் முற்பகுதி வரை மேகத்தின் இடையூறு மிகுதி. தை, மாசி, பங்குனி மாதங்களே தெளிவான வானத்துக்கு உரியவை. தெருவிளக்கு நேரே கண்ணில் படாத வயல்வெளியோ, பள்ளி மைதானமோ, வீட்டின் மொட்டை மாடியோ போதும். பகலிலேயே அவ்விடத்தைச் சென்று பார்த்து வாருங்கள். கிணறு எங்கே, வாய்க்கால் எங்கே என்பது தெரிந்திருக்க வேண்டும். தென்னை மரத்தின் நேர்கீழே நிற்க வேண்டாம். பெரியவர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டே செல்லுங்கள். பாம்பும் தேளும் இருட்டில் நடமாடும் என்பதை நான் சொல்லவேண்டியதில்லை.

இருளுக்குள் சென்று இருபது முப்பது நிமிடங்கள் கழிந்த பிறகே கண் முழுமையாக இருளுக்குப் பழகும். இடையில் வெண்ணிற விளக்கைப் பார்த்துவிட்டால் அப்பழக்கம் கெட்டுப்போகும். செந்நிறத் தாள் சுற்றிய விளக்கு எதற்கு என்பது இப்போது விளங்கும்.

அடுத்தபடியாகக் குவியம் வைத்தல். தொடக்கத்தில் பழகுவோரில் பலர் இடறும் இடம் இதுவே. காமிரா தானே குவியம் வைக்கும் அமைப்பு இருட்டில் பயன்படாது. அதை நிறுத்திவிட்டு, வில்லையைக் கையால் திருப்ப வேண்டும். எல்லையற்ற தொலைவைக் குறிக்கும் அடையாளம் வில்லையின்மேல் பொறிக்கப்பட்டிருந்தாலும், அதை முற்றிலும் நம்பிவிட வேண்டாம். ஒளிமிக்க மீன் ஒன்றையோ வியாழன் போன்ற கோளையோ காமிராவின் திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். வளையத்தை மெல்லத் திருப்பினால் அந்த ஒளி முதலில் வட்டமாகத் தோன்றும். வரவரச் சுருங்கிப் புள்ளியாகும். மேலும் திருப்பினால் மீண்டும் விரியும். மிகச் சிறிய புள்ளியாகத் தோன்றும் நிலையில் நிறுத்திவிடுங்கள். அதன்பின் வளையம் நகராதபடி சிறு ஒட்டுத்தாளால் ஒட்டிவிடுதல் நலம். நடுக்கத்தைத் தடுக்கும் அமைப்பு வில்லையில் இருந்தால், முக்காலியின்மேல் இருக்கும்போது அதையும் நிறுத்திவிட வேண்டும்.

துளையை இயன்ற அளவு பெரிதாகத் திறந்துவிடுங்கள். துளை எண் குறையக் குறையத் துளை பெரிதாகும் என்பதை நினைவிற் கொள்ளுங்கள். ஒளியுணர்வு எண்ணை 1600 என்று வையுங்கள். இனி எஞ்சியது, எவ்வளவு நேரம் திறந்து வைப்பது என்பது. அதிக நேரம் திறந்தால் அதிக ஒளி சேரும் என்றோமே, ஐந்து நிமிடம் திறந்து வைக்கலாகாதா? வைத்தால் விண்மீன்கள் புள்ளிகளாக விழமாட்டா, கோடுகளாக நீளும். ஏனெனில், பூமி சுழல்கின்றது. அது ஒரு நாளில் ஒரு முறை சுழல்வதால், வானம் ஒரு மணிக்கு 15 பாகை வீதம் நகர்வதாக நமக்குத் தோன்றுகின்றது. நம் முன்னோர் நாளை 60 நாழிகைகளாகப் பகுத்தனர். அவர்கள் கணக்கிலே ஒரு நாழிகைக்கு 6 பாகை.

இந்த நகர்வைப் படத்தில் காணாதபடி செய்வதற்கு எளிய வாய்பாடு ஒன்று உண்டு. 500 என்ற எண்ணை வில்லையின் குவியத் தூரத்தால் வகுத்தால் எத்தனை வருகின்றதோ, அத்தனை நொடிகள் திறந்து வைக்கலாம். ஆனால், நம்மில் பெரும்பாலோரிடம் உள்ள காமிராக்களின் உணரி, பழைய 35 மில்லிமீட்டர் பிலிமைவிடச் சிறியது. ஆதலால் குவியத் தூரத்தை முதலில் 1.5-ஆல் பெருக்கிக்கொள்ள வேண்டும். 18 மில்லிமீட்டர் வில்லைக்கு 18-ஐ 1.5-ஆல் பெருக்க 27. 500-ஐ 27-ஆல் வகுக்க 18 நொடிகளுக்குச் சற்று மேல். 50 மில்லிமீட்டர் வில்லையாயின் 6 அல்லது 7 நொடிகளே. இது துல்லியமான விதியன்று. பழகுவோருக்கு உதவும் கைக்கணக்கு. படத்தை மிகப் பெரிதாக்கிப் பார்க்க விரும்புவோர் அந்த நேரத்தைப் பாதியாகக் குறைத்துக்கொள்வர்.

50 மில்லிமீட்டர் வில்லைக்கு நேரம் குறைவாயிற்றே என்று வருந்த வேண்டுவதில்லை. துளை எண் 1.8 உடைய அத்தகைய வில்லையின் துளை விட்டம் 28 மில்லிமீட்டர். முன்னே சொன்ன 5 மில்லிமீட்டர் துளையோடு ஒப்பிட்டால் அதன் பரப்பு ஏறக்குறைய 30 மடங்கு. ஆகவே, குறைந்த நேரத்திலும் மங்கலான மீன்கள் அதில் பதியும். வானத்தின் பெரும்பரப்பை ஒருங்கே காட்டுவது குறுகிய குவியத் தூரமுள்ள வில்லை. ஒரு மீன்கூட்டத்தை நன்கு விளக்கிக் காட்டுவது இது. கார்த்திகைக் கூட்டத்தை இதனால் எடுத்துப் பாருங்கள். அறுமீன் என்று நம் பழந்தமிழர் பெயரிட்ட அக்கூட்டத்தில், கண்ணுக்குத் தெரியும் ஆறு மீன்களுக்கு இடையே வேறு பலவும் ஒளிந்திருப்பதைக் காண்பீர்கள்.

முதற்படம் எடுத்தவுடன் திரையில் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். மீன்கள் வட்டங்களாக இருந்தால் குவியம் சரியில்லை. எல்லாம் ஒரே திசையில் நீண்டிருந்தால் நேரம் மிகுதி. கோணல்மாணலாக இழுபட்டிருந்தால் முக்காலி அசைந்தது. படம் முழுவதும் வெளிறியிருந்தால் ஒளியுணர்வு மிகுதி, அல்லது ஊர்விளக்கு மிகுதி. திடீரென்று எல்லாம் மங்கினால் வில்லையின்மேல் பனி படிந்துவிட்டது. கடலை அடுத்த நம் பகுதியில் காற்றில் ஈரம் அதிகம். ஆதலால் அவ்வப்போது வில்லையைப் பார்த்து, துணியால் மெல்ல ஒற்றி எடுக்க வேண்டும். கடற்கரையில் எடுத்தால் உப்புக் காற்று படிந்திருக்கும். அழுத்தித் தேய்த்தால் கண்ணாடியில் கீறல் விழும்.

விண்மீன்கள் கோடாகாமல் எடுப்பது ஒரு வகை. கோடாகவே எடுப்பது மற்றொரு வகை. இந்த இரண்டாவது வகையில்தான் இரணியலின் சிறப்பு நன்றாக விளங்கும். பிலிம் இருந்த காலத்தில் காமிராவை ஒரு மணி நேரம் தொடர்ந்து திறந்து வைப்பார்கள். இன்று 30 நொடிப் படங்கள் 120-ஐ இடைவிடாமல் எடுத்து, கணிப்பொறியில் ஒன்றன்மேல் ஒன்றாக இணைத்துவிடுகின்றோம். அவ்வாறு இணைக்கும் மென்பொருள்கள் விலையின்றியே கிடைக்கின்றன.

காமிராவை வடக்கு நோக்கி வையுங்கள். துருவத்தை நடுவாகக் கொண்டு மீன்களெல்லாம் வட்டவில்களாக வளைந்திருக்கும். அந்த நடு, தொடுவானத்துக்கு மேலே 8 பாகை உயரத்தில் மட்டுமே இருக்கும். ஏனெனில், ஓர் ஊரின் அட்சரேகை எவ்வளவோ, துருவத்தின் உயரமும் அவ்வளவே. மலையோ தோப்போ அதை மறைக்கவும் கூடும். ஆதலால் வடக்கே திறந்த வெளி வேண்டும். துருவ மீன் துருவத்திலிருந்து ஒரு பாகைக்கும் குறைந்த தொலைவிலேயே இருப்பதால், மற்ற மீன்கள் நீண்ட வில் வரைய, அது மட்டும் சிறு கீற்றாகவே நிற்கும். இனித் தெற்கே திருப்புங்கள். அங்கும் மீன்கள் வளைகின்றன. ஆனால், வட்டத்தின் நடு தொடுவானத்துக்குக் கீழே 8 பாகையில் மறைந்திருக்கின்றது. கிழக்கே திருப்புங்கள். நடுவிலுள்ள மீன்கள் ஏறத்தாழ நேர்கோடாக மேலே ஏறுகின்றன. இடப்புறத்தவை வட துருவத்தைச் சூழ வளைகின்றன. வலப்புறத்தவை தென் துருவத்தைச் சூழ வளைகின்றன. டெல்லியில் எடுத்த படத்தில் அந்த நடுக்கோடு செங்குத்திலிருந்து 28 பாகைக்கு மேல் சாய்ந்திருக்கும். இரணியலில் 8 பாகையே சாயும்.

வடக்கு நோக்கி எடுத்த படத்தை வைத்துக்கொண்டு ஒரு சோதனை செய்யலாம். துருவத்தைப் படத்தின் நடுவில் இருக்குமாறு அமைத்து, சரியாக ஒரு மணி நேரம் எடுங்கள். அச்சிட்ட படத்தில் ஒரு மீனின் கோடு தொடங்கும் இடத்தையும் முடியும் இடத்தையும் துருவத்தோடு இணைத்து, உங்கள் கணிதப் பெட்டியிலுள்ள கோணமானியால் அளந்து பாருங்கள். 15 பாகை வரும். அருகிலுள்ள மீனாயினும் எட்டியுள்ள மீனாயினும் அதே 15 பாகைதான். பூமி சுழல்கின்றது என்று பாடப்புத்தகத்தில் படித்திருக்கிறீர்கள். ஆசிரியர் சொல்லக் கேட்டிருக்கிறீர்கள். அதை நீங்களே எடுத்த படத்தில் நீங்களே அளந்து அறியும்போது, அந்த அறிவு உங்களுக்குச் சொந்தமாகின்றது.

எந்த மாதத்தில் எதை எடுக்கலாம்? மார்கழித் தொடக்கத்தில் இரவு ஏழு ஏழரை மணிக்கு, திருவாதிரை மீனைக் கொண்ட ஓரியன் கூட்டம் கிழக்கே எழுந்து நிற்கும். தை மாத முடிவில் இரவு 9 மணியளவில் அது உச்சியை அடுத்து வரும். பிப்ரவரியில் அதே நேரத்தில் தெற்கே நோக்கினால், 29 பாகை உயரத்தில் வெண்ணிறமாக ஒளிரும் மீன் ஒன்று தெரியும். அதுவே நம்மவர் அகத்தியர் பெயரால் வழங்கும் மீன். வட இந்தியாவில் தொடுவானத்தை ஒட்டியே தெரியும் அது, அகத்திய மலைக்குத் தெற்கே வாழும் நமக்கு நன்கு உயர்ந்து காட்சி தருகின்றது. திரிசங்கு ஏப்ரல் தொடக்கத்தில் நள்ளிரவை ஒட்டியும், மே மாத நடுவில் இரவு 9 மணியை ஒட்டியும், தெற்கே சுமார் 20 பாகை உயரத்தில் நிமிர்ந்து நிற்கும். அதை முட்டத்திலிருந்து கடலுக்கு மேலே எடுத்தால் காட்சி மிகவும் அழகாக இருக்கும். ஆகாய கங்கையின் மிகச் செறிந்த பகுதியைக் காண மழைக்காலம் வரை காத்திருக்க வேண்டியதில்லை. மார்ச் மாதத்தில் விடியற்காலை 4 மணிக்கு எழுந்தால், கேட்டையும் மூலமும் விளங்கும் விருச்சிகக் கூட்டத்தின் பக்கத்தில், தென்கிழக்கே அது எழுந்திருக்கும். டிசம்பர் 13, 14 ஆகிய நாட்களில் மிதுன எரிமீன்கள் பொழியும்; அன்று மேகமில்லையெனில் காமிராவை இடைவிடாமல் இயங்க விடுங்கள்.

அழகுக்காக மட்டுமா இவற்றை எடுக்கிறோம்? இல்லை. பெர்சியஸ் என்னும் கூட்டத்தில் அல்கால் என்ற மீன் இருக்கின்றது. அது 2 நாள் 20 மணி 49 நிமிடங்களுக்கு ஒரு முறை மங்கி, மீண்டும் ஒளி பெறுகின்றது. அந்த ஒழுங்கைக் கணித்து 1783-இல் அறிவித்தவர் ஜான் குட்ரிக் என்னும் ஆங்கில இளைஞர். அப்போது அவருக்கு வயது 18, செவிப்புலன் இல்லாதவர். ஒளி குன்றிய மற்றொரு மீன் ஒன்று அதைச் சுற்றிவந்து இடையில் மறைப்பதாலேயே அது மங்குகின்றது என்ற கருத்தையும் அவரே வெளியிட்டார். அவரிடம் காமிரா இல்லை. கண்ணும் கடிகாரமும் பொறுமையுமே இருந்தன. அக்கூட்டத்தை மணிக்கொரு படமாக, ஒரே அமைப்பில் எடுத்துப் பக்கத்து மீன்களோடு ஒப்பிட்டால், அவர் கண்டதை நீங்களும் காணலாம். 2019 இறுதியிலும் 2020 தொடக்கத்திலும் நம் திருவாதிரை மீன் வழக்கத்துக்கு மாறாக மிகவும் மங்கியது. அவ்வேளையில் அதற்கு முந்திய ஆண்டுகளில் எடுத்த படங்களை வைத்திருந்தவர்கள், ஒப்பிட்டு அந்த வேறுபாட்டைத் தெளிவாகக் கண்டார்கள். என்றோ எடுத்து வைத்த படத்தின் மதிப்பு இதுதான்.

ஆதலால், ஒவ்வொரு படத்துக்கும் குறிப்பு எழுதுவதை ஒருநாளும் விடாதீர்கள். நாள், மணி, இடம், திசை, வில்லை, துளை எண், நேரம், ஒளியுணர்வு, வானத்தின் நிலை ஆகியவற்றை அன்றிரவே எழுதிவிட வேண்டும். குறிப்பில்லாத வானப்படம் முகவரியில்லாத கடிதத்தைப் போன்றது. படத்தைக் கணிப்பொறியில் திருத்தும்போதும் ஓர் ஒழுங்கு வேண்டும். ஒளியைக் கூட்டலாம், நிறத்தைச் சரிசெய்யலாம், பல படங்களை இணைக்கலாம். அவ்வாறு இணைத்ததை இணைத்தது என்று சொல்லிவிட வேண்டும். ஓர் ஊரில் எடுத்த அரண்மனையின்மேல் வேறோர் ஊரில் எடுத்த ஆகாய கங்கையை ஒட்டி, இதுவே இயற்கை என்று காட்டுவது அறிவியலுக்குப் பொருந்தாது.

உங்கள் படங்களில் நேராகச் செல்லும் கோடுகள் சில தென்படலாம். எரிமீனாயின் பெரும்பாலும் ஒரே படத்தில் மட்டும் தோன்றி மறைந்துவிடும். அடுத்தடுத்த படங்களிலும் அக்கோடு தொடர்ந்தால் அது செயற்கைக் கோளாகவோ விமானமாகவோ இருக்கும். 2019-க்குப் பிறகு ஆயிரக்கணக்கான செயற்கைக் கோள்கள் விண்ணில் ஏவப்பட்டிருப்பதால், இக்கோடுகள் இப்போது மிகுந்துவிட்டன.

அதனினும் பெரிய இடையூறு மண்ணிலிருந்தே எழுகின்றது. இரணியலில் கிழக்கு நோக்கி எடுக்கும் படத்தில், தொடுவானத்தை ஒட்டி வெளிறிய ஒளித்திரை ஒன்று தென்படும். அது நாகர்கோவிலின் விளக்கொளி. விளக்கின் ஒளி கீழே தரையில் விழ வேண்டும்; மேலே சிதறும் ஒளி யாருக்கும் வழிகாட்டுவதில்லை, வானத்தை மட்டும் மறைக்கின்றது. உலகெங்கும் ஆர்வலர்கள் கண்ணால் பார்த்து அனுப்பிய ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட கணிப்புகளைத் தொகுத்து, 2011 முதல் 2022 வரை இரவு வானத்தின் வெளிச்சம் சராசரியாக ஆண்டுக்கு 9.6 விழுக்காடு வீதம் கூடிவந்ததாக 2023-இல் அறிவியலறிஞர் வெளியிட்டனர். இந்த வேகத்தில் எட்டாண்டுக்குள் அது இருமடங்காகும். குழந்தை பிறந்த அன்று 250 மீன்கள் தெரிந்த இடத்தில், அதற்குப் 18 வயது ஆகும்போது 100 மீன்களே தெரியும். லடாக்கில் ஹான்லே என்னும் இடத்தைச் சுற்றியுள்ள பகுதி 2022-இல் இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. எல்லா ஊரையும் ஹான்லே ஆக்க இயலாது. ஆயினும் தெருவிளக்குக்கு மேல்மூடி இடுவதும், தேவையற்ற விளக்கை நள்ளிரவுக்குப் பின் அணைப்பதும் எந்த ஊராட்சிக்கும் இயலாத செயல்கள் அல்ல.

இதில் மாணவர்களாகிய உங்களுக்கும் ஒரு பங்கு உண்டு. பள்ளியில் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு சிறு குழு அமையுங்கள். ஒரு காமிரா போதும். ஒரு முக்காலி போதும். ஆண்டுதோறும் தை அமாவாசை இரவில், அதே இடத்தில், அதே திசையில், அதே வில்லை, அதே துளை, அதே நேரம், அதே ஒளியுணர்வு ஆகியவற்றை வைத்து, மேகமில்லாத வானத்தை ஒரு படம் எடுங்கள். ஓரியன் கூட்டத்தின் எல்லைக்குள் எத்தனை மீன்கள் பதிந்திருக்கின்றன என்று எண்ணி எழுதுங்கள். நீங்கள் பள்ளியை விட்டுச் செல்லும்போது அந்தக் குறிப்பேட்டை அடுத்த வகுப்பு மாணவர்களிடம் ஒப்படையுங்கள். பத்தாண்டு கழிந்தபின், நம் ஊர் வானம் தேய்கின்றதா, காக்கப்படுகின்றதா என்பதற்கு அக்குறிப்பேடு சான்று சொல்லும். ஊராட்சி மன்றத்தின் முன் சென்று விளக்குகளைப் பற்றிப் பேச வேண்டிய நாள் வந்தால், அங்கே கையில் கொண்டு செல்ல அதைவிட நல்ல சான்று வேறில்லை.

அடுத்த அமாவாசைக்கு இன்னும் எத்தனை நாள் இருக்கின்றது என்று நாட்காட்டியைப் பாருங்கள். அதற்குள் குவியம் வைக்கவும், நேரத்தைக் கணக்கிடவும் பகலிலேயே பழகிக்கொள்ளலாம்.